மெலோடிக் ராக் என்றால் என்ன? ஷெரிஃப் ஆல்பத்தைக் கொண்டு ஓர் அறிமுகம்

1989 பிப்ரவரி 4 தேதியிட்ட பில்போர்டு ஹாட் 100 என்னும் அமெரிக்கப் பாடல் தரவரிசையில் முதலிடம் பிடித்த பாடலைப் பாடிய குழு, அந்தத் தேதியில் இருக்கவே இல்லை. கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த ஷெரிஃப் என்னும் அந்தக் குழு 1985-லேயே கலைந்துவிட்டது. அது வெளியிட்டது ஒரே ஒரு ஆல்பம். குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அந்த ஆல்பம் 1982-இல் கேப்பிடல் நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. அதிலிருந்த 'வென் ஐ'ம் வித் யூ' என்ற பாடல் 1983-இல் அமெரிக்காவில் 61-ஆம் இடம் வரை ஏறி, அங்கேயே நின்று, மறைந்துபோனது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் அதே பாடல்தான் முதலிடத்துக்கு வந்தது. பாடல் பெரும் பெயர் பெற்றதே தவிர, அது இடம்பெற்ற ஆல்பத்தை இன்றும் மிகச் சிலரே முழுமையாகக் கேட்டிருக்கிறார்கள். மெலோடிக் ராக் என்ற இசைவகையைப் புதிதாக அறிய விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை. அந்த வகையின் இலக்கணம் முழுவதும் இதில் இருக்கிறது. அந்த வகைக்கு நேர்ந்த கதியும் இதன் வரலாற்றிலேயே தெரிகிறது.

முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம். மெலோடிக் ராக் என்பது, கிட்டாரும் டிரம்ஸும் ராக் இசைக்குரிய வலுவோடு ஒலிக்க, அவற்றின் மேல் எளிதில் மனத்தில் தங்கும் மெட்டு ஆட்சி செய்யும் இசை. ஹெவி மெட்டலில் கிட்டாரின் அடித்தொனியும் வேகமும் முதன்மை பெறுகின்றன. புரோகிரசிவ் ராக்கில் நீண்ட அமைப்பும் தாளச் சிக்கலும் முதன்மை பெறுகின்றன. மெலோடிக் ராக்கில் பாடகரின் மெட்டே தலைமை வகிக்கிறது. பிற கருவிகள் அனைத்தும் அந்த மெட்டைத் தூக்கிப் பிடிப்பதற்காகவே வாசிக்கப்படுகின்றன. கிட்டார் தனி வாசிப்புகூட இங்கே விரல்வேகத்தைக் காட்டும் இடமாக இருப்பதில்லை. கேட்பவர் திரும்ப முணுமுணுக்கக்கூடிய ஒரு குறும்பாடலாகவே அது அமைக்கப்படுகிறது.

இந்த இசையின் உயிர் அதன் பாடல் அமைப்பில் இருக்கிறது. நம் திரைப்பாடல்களில் பல்லவி முதலில் வந்துவிடுகிறது; சரணம் விலகிச் சென்று மீண்டும் பல்லவிக்குத் திரும்புகிறது. மேற்கத்திய ராக் பாடலில் பெரும்பாலும் சரணமே முதலில் வருகிறது. பல்லவியைக் கேட்பவர் காத்திருந்துதான் பெறவேண்டும். அந்தக் காத்திருப்பை எப்படி வளர்ப்பது என்பதுதான் மெலோடிக் ராக் பாடலாசிரியரின் முதன்மையான வேலை. சரணம் தாழ்ந்த சுரங்களில், பெரும்பாலும் கீபோர்டின் துணையோடு அமைதியாகத் தொடங்கும். அதற்கும் பல்லவிக்கும் இடையே இரண்டு மூன்று வரிகள் ஏணிப்படிகளைப் போல வைக்கப்பட்டிருக்கும். அந்த வரிகளில் மெட்டு ஒவ்வொரு படியாக மேலேறும், டிரம்ஸ் நெருக்கமாகும், ஆதார சுருதிக்குத் திரும்பாமல் இசை அந்தரத்தில் நிற்கும். பல்லவி வெடிக்கும்போது பாடகர் தம் குரலின் உச்சப் பகுதியில் இருப்பார்; பின்னணிக் குரல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்துகொள்ளும். கேட்பவருக்கு ஏற்படும் பெரும் நிறைவு பல்லவியின் இனிமையால் மட்டும் வருவதில்லை, அதுவரை அது மறுக்கப்பட்டிருந்ததாலும் வருகிறது.

அந்தப் பின்னணிக் குரல்கள் பதிவுக்கூடத்தில் உருவாக்கப்படும் விதம் தனியே கவனிக்கத்தக்கது. ஜர்னி என்ற அமெரிக்க ராக் குழுவின் 1978-ஆம் ஆண்டு ஆல்பமான 'இன்ஃபினிட்டி'யைத் தயாரித்த ராய் தாமஸ் பேக்கர், அதற்கு முன் குவீன் குழுவோடு பணியாற்றியவர். ஒரே குரல்வரியைப் பலமுறை பாடவைத்து, அந்தப் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நான்கைந்து பேர் உள்ள குழுவைப் பெரிய பாடகர் கூட்டமாக ஒலிக்கவைக்கும் முறையை அவர் அங்கேயும் கொண்டுவந்தார். கிட்டாரிலும் இதே அடுக்குமுறை நடந்தது. பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி.யில் பொறியியல் படித்து போலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, வீட்டு நிலவறையில் தாமே அமைத்த பதிவுக்கூடத்தில் 1976-ஆம் ஆண்டு ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிந்தார். அதில் ஒரே கிட்டார் வரி பல தடங்களில் பதியப்பட்டு அகன்ற ஒலிச்சுவராக எழுந்தது. எழுபதுகளின் இறுதியில் ஒரே நேரத்தில் பல சுரங்களை ஒலிக்கவல்ல சிந்தசைசர்கள், அதாவது மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவிகள், சந்தைக்கு வந்தபோது, கிட்டாருக்கும் குரலுக்கும் இடையிலான வெளியை அவற்றின் நீண்ட, மென்மையான ஒலி நிரப்பியது. எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த மூன்று கூறுகளும் ஒன்றுசேர்ந்து ஒரு முழு வடிவத்தை அடைந்தன.

இந்த வடிவத்துக்கு உரம் போட்டது வானொலி. அமெரிக்காவில் அறுபதுகளின் பிற்பகுதிவரை, ஒரே உரிமையாளரிடம் ஏ.எம்., எஃப்.எம். நிலையங்கள் இரண்டும் இருந்தால், ஏ.எம். நிகழ்ச்சியையே எஃப்.எம்.மிலும் ஒலிபரப்புவது வழக்கமாக இருந்தது. பெருநகரங்களில் அதை அரசு ஆணையம் கட்டுப்படுத்தியதும், எஃப்.எம். நிலையங்கள் தமக்கென நிகழ்ச்சிகளைத் தேடவேண்டியதாயிற்று. ஸ்டீரியோ ஒலிக்கு ஏற்றதாகவும் இளைஞர்களுக்குப் பிடித்ததாகவும் இருந்த ராக் ஆல்பங்கள் அந்த இடத்தை நிரப்பின. தொடக்கத்தில் அறிவிப்பாளர் தம் விருப்பப்படி எதையும் ஒலிக்கவிட்டார். எழுபதுகளில் லீ ஆப்ரம்ஸ் போன்ற ஆலோசகர்கள், நேயர்களின் விருப்பத்தை ஆய்வுசெய்து, எந்தெந்தக் குழுக்களின் எந்தெந்தப் பாடல்களை எத்தனை முறை ஒலிபரப்பவேண்டும் என்று வரையறுத்தார்கள். இவ்வாறு உருவான வானொலி வடிவத்துக்குத்தான் ஆல்பம் ஓரியன்டட் ராக், சுருக்கமாக ஏ.ஓ.ஆர்., என்று பெயர். பின்னாளில் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் உள்ள ரசிகர்கள் அந்த வானொலியில் ஒலித்த இசைவகைக்கே இந்தச் சுருக்கப்பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஆகவே இன்று மெலோடிக் ராக் என்றும் ஏ.ஓ.ஆர். என்றும் எழுதப்படுவது ஏறத்தாழ ஒன்றையே.

1981, 1982 ஆகிய ஆண்டுகள் இந்த இசையின் உச்சம். ஆர்.ஈ.ஓ. ஸ்பீட்வேகனின் 'ஹை இன்ஃபிடெலிட்டி' 1981-இல் மொத்தம் 15 வாரங்கள் அமெரிக்க ஆல்பம் தரவரிசையின் முதலிடத்தில் இருந்தது. ஃபாரினர் குழுவின் '4' பத்து வாரங்கள் முதலிடத்தைப் பிடித்தது. ஜர்னியின் 'எஸ்கேப்' வந்ததும் அதே ஆண்டில்தான். 'டோட்டோ 4' 1982-இல் வெளிவந்து அடுத்த ஆண்டு கிராமி விருதுகளில் சிறந்த ஆல்பமாகத் தேர்வானது. இத்தகைய வெற்றிகளைக் கண்ட இசை நிறுவனங்கள் அதே பாணியில் பாடக்கூடிய குழுக்களைத் தேடித்தேடி ஒப்பந்தம் செய்தன. ஒரு வகையின் உச்சத்தில்தான் அதன் கவனிக்கப்படாத ஆல்பங்களும் மிகுதியாகப் பிறக்கின்றன. வானொலி நிலையம் ஒரு வாரத்தில் புதிதாகச் சேர்க்கக்கூடிய பாடல்கள் மிகச் சிலவே. வெளியாகும் ஆல்பங்களோ ஏராளம்.

கனடாவில் நிலைமை சற்று வேறு. 1971 முதல் அந்நாட்டு ஒலிபரப்பு ஆணையம், ஏ.எம். நிலையங்கள் ஒலிபரப்பும் இசையில் 30 சதவீதம் கனடியப் படைப்பாக இருக்கவேண்டும் என்று விதித்தது. இசை, கலைஞர், பதிவு நடந்த இடம், பாடல்வரிகள் ஆகிய நான்கில் இரண்டேனும் கனடாவுக்குரியவையாக இருந்தால் அது கனடியப் படைப்பாகக் கருதப்பட்டது. இந்த விதியைக் குறைகூறியவர்கள் அன்றும் உண்டு. ஆனால் எழுபதுகளின் இறுதியில் அந்நாட்டில் குழுக்களும் பதிவுக்கூடங்களும் தயாரிப்பாளர்களும் பெருகியிருந்ததற்கு இந்த விதி ஒரு முக்கியக் காரணம் என்பதை மறுக்க இயலாது. ஏப்ரல் ஒயின், ட்ரையம்ஃப், சாகா, லவர்பாய் எனத் தொடரும் வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்த குழுக்களில் ஒன்று ஷெரிஃப்.

குழுவில் ஐந்து பேர். ஃப்ரெடி குர்சி பாடினார். ஸ்டீவ் டிமார்க்கி கிட்டார் வாசித்தார். வூல்ஃப் ஹாசல் பேஸ் கிட்டார். ராப் எலியட் டிரம்ஸ். ஆர்னல்ட் லானி கீபோர்டு வாசித்ததோடு, பாடல்கள் எழுதுவதிலும் முன்னணியில் இருந்தார். ஆல்பத்தைத் தயாரித்த ஸ்டேசி ஹெய்டன், பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியின் 1976-ஆம் ஆண்டு உலகச் சுற்றுப்பயணத்தில் கிட்டார் வாசித்த கனடியர். ஆல்பத்தின் சிறப்பு இவர்களில் இருவரின் சேர்க்கையில் இருக்கிறது என்பது என் கணிப்பு. குர்சியின் குரல் உயர்ந்த சுரங்களில் மெலிந்துபோவதில்லை. மேலே போகப்போக அது இறுகித் தெளிவடைகிறது. அந்தக் குரலின் எல்லையை அளந்து வைத்துக்கொண்டு, அதன் கடைசிப் படிவரை ஏறும் மெட்டுகளை லானி அமைத்தார். பெரிய குழுக்களின் ஆல்பங்களில் உள்ள பளபளப்பு இதில் இல்லை. ஒலி சற்று வறண்டிருக்கிறது. டிரம்ஸ் சிறிய அறையில் வாசிப்பதைப்போல் அருகில் கேட்கிறது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கோ இதனால்தான் குரலின் ஒவ்வொரு அசைவும் துலக்கமாகக் கேட்கிறது.

'வென் ஐ'ம் வித் யூ' பாடலைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். லானி, பின்னாளில் தம் மனைவியான காதலிக்காக இதை எழுதினார். நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான இந்தப் பாடல் கீபோர்டின் மென்மையான ஒலியில் தொடங்குகிறது. குரல் உள்ளே வரும்போது அது கிட்டத்தட்டப் பேச்சின் அளவிலேயே இருக்கிறது. வரிகளுக்கு இடையே போதிய வெளி விடப்பட்டிருக்கிறது. பிறகு மற்ற கருவிகள் சேர்ந்து பாடலின் எடை கூடுகிறது. பல்லவியில் குரல் ஒரே மூச்சில் மேல்நோக்கித் தாவுகிறது. ராக் குழு ஒன்று, காதல் பாடலை அமைதியாகத் தொடங்கிப் பேரொலியில் கொண்டு முடிக்கும் இந்த வடிவத்துக்குப் பவர் பேலட் என்று பெயர். மெலோடிக் ராக்கின் மிகவும் புகழ்பெற்ற கிளை இதுவே.

பாடலின் இறுதிதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைக்கும் இடம். கடைசிச் சொல்லைக் குர்சி ஒரே மூச்சில் ஏறத்தாழ 19 வினாடிகள் நீட்டிப் பிடிக்கிறார். மொத்தப் பாடலில் இது ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. மூச்சை வைத்திருக்கும் திறனைக் காட்டுவதற்காக மட்டும் இதைச் செய்திருந்தால் அது வெறும் வித்தையாகப் போயிருக்கும். பாடலின் உட்பொருளே, அவள் அருகில் இருக்கும்போது தோன்றும் சிலிர்ப்பை விட மனமில்லாமல் நிற்பது. அந்தக் கடைசிச் சுரமும் விட மனமில்லாமலே நிற்கிறது. காற்று குறையக் குறையச் சுருதி இறங்குவது இயல்பு. அவருடைய சுருதி இறங்கவில்லை. இதை ஹெட்ஃபோன் வைத்துக் கேட்டால், நீட்சியின் பிற்பகுதியில் குரலில் மெல்லிய அதிர்வு கூடுவதையும் கவனிக்கலாம்.

இத்தகைய பாடல் 1983-இல் ஏன் 61-ஆம் இடத்தில் நின்றது? கனடாவில் அது 8-ஆம் இடத்தைப் பிடித்தது. ஆகவே பாடலில் குறை இல்லை. அமெரிக்காவில் சூழ்நிலை அந்த ஆண்டு வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய இசைக் காணொளித் தொலைக்காட்சியான எம்.டி.வி., பாடலுக்கு முகமும் உடையும் காட்சியும் வேண்டும் என்ற எதிர்பார்ப்பை உருவாக்கியிருந்தது. பிரிட்டனிலிருந்து சிந்தசைசர் குழுக்கள் அலையலையாக வந்துகொண்டிருந்தன. அறிமுகமில்லாத ஒரு கனடியக் குழுவின் மெதுவான காதல் பாடலுக்கு வானொலி நிலையங்கள் தந்தது சில வாரங்களே. அந்தச் சில வாரங்களில் பிடிபடாத பாடலை நிறுவனங்கள் அடுத்த வேலைக்கு நகர்ந்து கைவிடுவது அக்காலத்து வழக்கம். அடுத்த ஆல்பம் வராமலே குழு கலைந்தது.

1988-இன் இறுதியில் சில அமெரிக்க வானொலி நிலையங்கள் இந்தப் பாடலைப் பழைய தட்டிலிருந்து எடுத்து மீண்டும் ஒலிபரப்பின. நேயர்களின் அழைப்புகள் பெருகவே, கேப்பிடல் நிறுவனம் அதை மறுபடியும் வெளியிட்டது. இதற்குக் காலச் சூழலும் துணைநின்றது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் யூ.பி.40 குழுவின் 'ரெட் ரெட் ஒயின்', முதலில் வெளிவந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், வானொலியின் மறு ஒலிபரப்பால் அமெரிக்காவில் முதலிடம் பெற்றிருந்தது. பழைய பாடல் மீண்டு வரமுடியும் என்பதற்கு நிலையங்களின் கண்முன்னே சான்று இருந்தது. மேலும் டிசம்பர் மாதத்தின் பெரும்பகுதியில் முதலிடத்தில் இருந்தவை சிகாகோ குழுவின் 'லுக் அவே', அதன் பின் பாய்சன் குழுவின் 'எவ்ரி ரோஸ் ஹாஸ் இட்ஸ் தார்ன்'. இரண்டும் பேலட்கள். 1983-இல் காலத்துக்கு ஒவ்வாமல் ஒலித்த பாடல், 1989-இல் அன்று எழுதியதைப்போல் ஒலித்தது. பதிவில் ஒரு சுரம்கூட மாறவில்லை. ஃபில் காலின்ஸின் 'டூ ஹார்ட்ஸ்' பாடலை இறக்கி முதலிடம் ஏறி, ஒரு வாரம் அங்கே இருந்து, பாலா அப்துலின் 'ஸ்ட்ரெய்ட் அப்' பாடலுக்கு இடம்விட்டது.

இங்கே ஒரு நுட்பத்தைப் புதியவர்கள் கவனிக்கவேண்டும். மீண்டு வந்தது பாடல்தான். ஆல்பம் அந்த வெளிச்சத்தில் பாதிகூட நனையவில்லை. பாடலை விளம்பரப்படுத்தச் சுற்றுப்பயணம் போகக் குழு இல்லை, நேர்காணல் தர ஐவரும் ஒன்றாக இல்லை, தொடர்ந்து வெளியிட இரண்டாவது ஆல்பமும் இல்லை. ஆகவே வானொலியில் அந்தப் பாடலைக் காதலித்தவர்களில் பலர், அதே தட்டில் மற்றப் பாடல்கள் எப்படி இருக்கும் என்று கேட்காமலே விலகிவிட்டார்கள். ஓர் ஆல்பம் கவனிக்கப்படாமல் போவதற்குத் தோல்வி மட்டும் காரணமாக வேண்டியதில்லை. அதன் ஒரே பாடல் அடையும் பெருவெற்றியும் மற்றவற்றை மறைத்துவிடக்கூடும்.

அந்த மற்றப் பாடல்கள்தான் ஆல்பத்தின் உண்மையான உடல். பேலட் ஒன்றைக் கேட்டுவிட்டு, ஆல்பம் முழுவதும் மென்மையாக இருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் வியப்படைவார்கள். 'யூ ரிமைண்ட் மீ', 'மேக்கின் மை வே' ஆகியவை கிட்டாரை முன்னிறுத்தும் உறுதியான ராக் பாடல்கள். 'லிவிங் ஃபார் எ ட்ரீம்', 'கலிஃபோர்னியா' ஆகியவற்றில் மேலே சொன்ன படியேறும் அமைப்பைத் தெளிவாகப் பின்தொடரலாம். எல்லாப் பாடல்களும் ஒரே தரத்தில் இருக்கின்றன என்று நான் சொல்லமாட்டேன். 'கிவ் மி ராக் 'என்' ரோல்' போன்ற இடங்களில் வரிகள் அக்காலத்து வழக்கமான சொற்களிலேயே சுழல்கின்றன, மெட்டும் அவ்வளவு தூரம் பயணிப்பதில்லை. ஆனால் முதல் ஆல்பத்திலேயே இத்தனை மெட்டுகள் தங்கள் பல்லவியைச் சரியான நேரத்தில் கண்டடைகின்றன என்பது அரிதான செய்தி.

குழு கலைந்தபின் நடந்தது, இந்த இசைவகையைப் பயில்கிறவருக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. லானியும் ஹாசலும் ஃப்ரோசன் கோஸ்ட் என்ற குழுவைத் தொடங்கினார்கள்; அதன் முதல் ஆல்பம் 1987-இல் வந்தது. பாடல் முதலிடம் பிடித்தபோது அவர்கள் அந்தப் பாதையிலேயே இருந்தார்கள். குர்சியும் டிமார்க்கியும், ஹார்ட் குழுவின் முன்னாள் உறுப்பினர்களான ரோஜர் ஃபிஷர், ஸ்டீவ் ஃபோசன், மைக் டெரோசியர் ஆகியோரோடு சேர்ந்து ஏலியஸ் குழுவை அமைத்தார்கள். 1990-இல் வெளியான அவர்களின் 'மோர் தேன் வேர்ட்ஸ் கேன் சே' அமெரிக்காவில் 2-ஆம் இடம் வரை உயர்ந்தது. லானி பின்னர் தயாரிப்பாளராக மாறி, 'அவர் லேடி பீஸ்' (Our Lady Peace) என்ற குழுவின் 'நவீத்', 'கிளம்ஸி' ஆகிய ஆல்பங்களையும், சிம்பிள் பிளான் குழுவின் 2002-ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தையும் உருவாக்கினார். மெலோடிக் ராக் ஓய்ந்துவிட்டதாகக் கருதப்பட்ட காலத்தில், பல்லவியை நோக்கிப் படியேறும் அந்தப் பழைய பாடம் வேறு உடையில் கனடிய வானொலியில் தொடர்ந்து ஒலித்தது.

எனவே கேட்கும் வரிசையை நான் இப்படிப் பரிந்துரைப்பேன். ஷெரிஃப் ஆல்பத்தை முதல் பாடலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். 'வென் ஐ'ம் வித் யூ' வரும் இடத்தில் மட்டும் நின்று இரண்டாம் முறை கேளுங்கள், முதல்முறை குரலுக்காக, இரண்டாம்முறை குரலுக்குக் கீழே கீபோர்டு என்ன செய்கிறது என்பதற்காக. அடுத்து ஏலியஸின் ஆல்பத்தையும், அதன்பின் ஃப்ரோசன் கோஸ்டின் முதல் ஆல்பத்தையும் கேளுங்கள். முன்னதில் குர்சியின் குரல் இருக்கிறது, ஆனால் லானியின் மெட்டுகள் இல்லை. பின்னதில் லானி இருக்கிறார், ஆனால் அந்தக் குரல் இல்லை. இரண்டிலும் எது குறைகிறது என்று காது தானாகவே சொல்லத் தொடங்கும்போது, 1982-இன் அந்த ஒற்றை ஆல்பத்தில் எது எதோடு சேர்ந்திருந்தது என்பதும் தெரிந்துவிடும்.